நாற்பத்திரண்டு ஏர்

பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்,
முத்திரைக்குத் தனி.
பாகூர் சார்பதிவகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றைத்
தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

ஷாம்ப் என்று எழுதியிருந்தார் நொத்தேர்.
வயல் என்று போட்டேன்.
போட்டபின் பேனா நின்றது.
அதன் பாட்டன், லத்தீனில், வெறும் சமதரை;
படை இறங்கிக் கூடாரம் அடித்த இடம்.
இருக்கட்டும், நமக்கும் களம் என்றால் இரண்டு,
போர் என்றாலும் இரண்டு,
ஒன்றில் வைக்கோல்.

ஏக்கருக்குள் எவனோ இன்னும் மாடு ஓட்டுகிறான்.
ஜெர்மன்காரன் ஒரு துண்டு நிலத்தைக் 'காலை' என்றான்:
வெயில் ஏறுமுன் ஒரு ஜோடி மாடு கிழித்த மண்.
மதியத்துக்கு அளவே வைக்கவில்லை.
பிரெஞ்சில் உழுவதற்கான சொல்
'பாடு' என்ற சொல்லின் பிள்ளை;
அதே பிள்ளை இங்கிலீஷில்
பிரசவ வார்டுக்குப் போய்விட்டது.

நம் குழி மட்டும் குழியாகவே
பரங்கி எழுத்தில் குந்தியிருக்கிறது, எழுபத்தெட்டு.
மரியாதையா, சோம்பலா, தெரியவில்லை.

எதிரே அஞ்சலாட்சி, குருவிநத்தம்.
அண்ணன்மேல் வழக்கு.
கையில் புதுப் பட்டா, பிளாஸ்டிக் உறையோடு.
"நாப்பத்திரண்டு ஏர்னு போட்டிருக்கு பாருங்க.
ஏர் புடிச்சவங்களுக்குத்தான் நெலம்னு
கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு.
எங்கண்ணன் என்னைக்கு ஏர் புடிச்சான்?
நெய்வேலில எலக்ட்ரீஷியன்."

சொல்லியிருக்கலாம்.
அம்மா, இது அந்த ஏர் இல்லை;
மேழியும் நுகமும் இதில் கிடையாது.
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்,
பிரெஞ்சுக்காரன் காகிதத்தில் வெட்டிய சதுரம்.
அதற்கும் முன்னால்
ரோமாபுரியில் கோதுமைக் கதிர் அடித்த
வெற்றுத் தரை.
நீ ஏர் என்று படிப்பது
அவனுக்குக் களம்.
நீ எங்கே தொடங்குகிறாயோ
அவன் அங்கே அள்ளிக்கொண்டு போனான்.

சொல்லவில்லை.
நன்செய்யில் உள்ள செய்
வயலா, ஏவலா என்று
எனக்கே தெரியாத மத்தியானம் அது.
கீழே மிஷின்
யார் யார் நிலத்தையோ
சூடாகத் துப்பிக்கொண்டிருந்தது.

எழுபத்தெட்டு குழி,
அதாவது நாற்பத்தொரு ஏர் எழுபத்து நான்கு,
என்று முடித்து முத்திரையை எடுத்தேன்.

"அந்த ஏர மட்டும்
கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்" என்றாள்.