மாதிரி கே

மாதிரித் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால்
எனக்கு மட்டும் ஒரு கடிதம் வரும்.
ஆய்வுக்கூட உதவியாளர் பார்வைக்கு. ரகசியம். அரக்கு முத்திரை.
உள்ளே வினா இருக்காது,
வாங்க வேண்டிய சாமான் மட்டும்,
விருந்து வீட்டு மளிகைச் சீட்டு போல:

கே, புது மீன், ஆளுக்கு ஒன்று.
எல், விதைத்து ஒன்பதாம் நாள் அவரை நாற்று.
எம், வெட்டுக்கிளியின் பின்னங்கால்.
அயோடின், சொட்டுக் குழாய், வெள்ளை ஓடு.

ம்பீட்டா சந்தைக்கு அரக்கு எம்மாத்திரம்?
"வியாழன் சாயங்காலம் முப்பத்தெட்டு மீனா?
எல்லாம் ஒரே அளவிலா?"
தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள் அடேரோ.
"சமைக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான்.
இந்த வருஷம் செவுள்."
மூன்றாம் மேசையில் எழுதப்போகிறவள்
அவள் மகள் ஞாகுடி.

அதனால் பொய்ச் சாமானும் வாங்கினேன்,
என் காசில்.
கோழித் தொடையெலும்பு, ஈஸ்ட் பொட்டலம், மழைக்காளான்,
மரபியல் என்று நினைக்கட்டும் என
இரண்டு நிறத்தில் சோளம்.
கரப்பான்பூச்சி மட்டும் இலவசமாகக் கிடைத்தது,
பள்ளிச் சமையலறையில்.

ஒரு வாரம் விடுதியில் விளக்கு அணையவில்லை.
எந்த எலும்பு எந்தக் குழியில் பொருந்தும்,
காளானுக்குப் பச்சையம் இல்லாமல் எப்படிப் பசி தீரும்,
ஈஸ்ட் மூச்சு விட்டால் மாவு ஏன் உப்பும்,
மூன்றுக்கு ஒன்று,
ஒன்பதுக்கு மூன்றுக்கு மூன்றுக்கு ஒன்று,
ஏரிக்கே மனப்பாடம் ஆகும்படி ஒப்பித்தார்கள்.
செவுள் என்ன நிறம்?
சிவப்பு!
ஏன்?
இரத்த நாளங்கள் மிகுதி!

வியாழன் இரவு மின்சாரம் போனது.
விடியும்போது ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லை.
வெதுவெதுத்த தண்ணீரில் முப்பத்தெட்டும் மிதந்து
ஆளுக்கொரு கண்ணால் என்னைப் பார்த்தன.
வேறு மீனுக்கு நேரம் இல்லை.
தட்டுகளில் வைத்தேன், சீட்டு ஒட்டினேன்:
கே, கே, கே.

இரண்டாம் வினாவின் முதல் பகுதி,
"கே-யின் செவுள் இழைகளின் நிறம் யாது? காரணம் தருக."
முப்பத்தேழு பேர் குனிந்து எழுதினார்கள், சிவப்பு என்று.
மீனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை பாதிப் பேர்.
ஞாகுடி மட்டும்
கட்டைவிரலால் செவுள்மூடியைத் தூக்கினாள்,
முகர்ந்தாள்,
அம்மா செய்வது போலவே மூக்கைச் சுளித்தாள்.
பிறகு எழுதினாள்:
"பழுப்பு. நேற்று ராத்திரி கெட்டுவிட்டது."

விடைக்குறிப்பில் பழுப்புக்கு இடமில்லை.
ஒங்கான்யோ சார் நல்லவர்தான்,
பேனாவை ஒரு நிமிஷம் அந்தரத்தில் வைத்திருந்தார்,
பிறகு பூஜ்ஜியம் போட்டார்.
தட்டு கழுவுகிறவனுக்குச் சிவப்பு மை கிடையாது.

ஆனால் ஒரு படிவம் உண்டு.
"மாதிரிகளின் நிலை", அதற்கு எதிரே ஒரு கோடு.
பதினொரு வருஷமாக அந்தக் கோட்டில்
'நன்று' என்றே எழுதி வந்தவன் நான்,
புழு வைத்த அவரைக்கும் நன்று,
கால் உதிர்ந்த வெட்டுக்கிளிக்கும் நன்று.
இந்த முறை எழுதினேன்:
செவுள் பழுப்பு. மூன்றாம் மேசைக்காரி சொன்னது சரி.
மாவட்ட அலுவலகத்தில் யாராவது படித்தார்களோ,
தெரியாது. பதில் வரவில்லை.
மீன்களை முற்றத்தில் கொட்டினோம்,
மொட்டைத்தலை நாரைகள் வந்து தீர்த்துவிட்டன,
எந்த வினாவும் கேட்காமல்.

சனிக்கிழமை சந்தையில் அடேரோ கேட்டாள்,
"என் மகளுக்கு அந்தக் கேள்விக்கு எத்தனை?"
சொன்னேன்.
கோபப்படுவாள் என்று ஓரடி தள்ளி நின்றேன்.
கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து
செவுளைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"இது என்ன நிறம்?"

குனிந்து, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான்
சொன்னேன், சிவப்பு.

"அப்போ விலையும் கூட."