மன்னர் எதிர் மாயழகு

வழக்கு எண் முந்நூற்றுப் பதினொன்று, நாற்பத்தொன்பது.
மேலூர் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்.
மன்னர் எதிர் மாயழகு.

ஆவணியில் ஓர் இரவு
பெரியாறுக் கால்வாயின் மடையை
முறை வருமுன் திறந்தான் என்பது குற்றம்.
வல்லாளப்பட்டிப் பக்கம் முக்கால் ஏக்கர் நனைந்ததில்
கடலுக்கு அப்பால் தூங்கிய ஒருவருக்குத்
தண்ணீர் களவு போனது.

கொடி மாறி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.
மிட்டாய்கூடக் கொடுத்தார்கள்.
என் மேசையை விட்டு மட்டும் அவர் போகவில்லை.
முத்திரைத் தாளில், தபால் தலையில், அரையணாவில்
பக்கவாட்டு முகமாக
யாரையும் பார்க்காமல்.
"இன்னும் ஏன் சார் இவரு?" என்பார் அமீனா சவரிமுத்து.
"பேப்பர் வேலை பாக்கி" என்பேன்.

தை பன்னிரண்டு, சாயங்காலம், சுற்றறிக்கை:
நாளை முதல் மன்னர் இல்லை.
நிலுவை வழக்குகளில் பெயரை மாற்றுக.
கீழே ஒரு கையெழுத்து, யாருடையதென்று தெரியவில்லை.
குடியரசு என்று நான் வாசித்ததும்
சவரிமுத்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அப்ப கள்ளுக்கடை திறந்துருவாங்களா?"

நூற்று நாற்பது கட்டுகள். அரிக்கேன் விளக்கு. சிவப்பு மை.
மன்னர் மேல் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் ராஜ்யம்.
எழுபதாவது கட்டில்தான் கவனித்தேன்,
அடிபட்ட ராஜா புதுச் சொல்லுக்குள்
பாதி உடம்போடு உட்கார்ந்திருந்தார்.
குடியரசு என்று மாற்றிப் பார்த்தேன்.
அதிலும் அரசு.

ஆட்சி மாற்றம் எனக்குப் புதிதில்லை.
கீழமாசி வீதியில் பிறந்தவன்.
சித்திரையில் அவளுக்கு முடிசூட்டி
ஆவணியில் செங்கோலை அவர் கைக்கு மாற்றுகிற ஊர்.
ஆனால் அங்கே ஓர் இரவும்
நாற்காலி காலியாய்க் கிடந்ததில்லை.

டெல்லியில் காலை பத்தேகாலுக்கு மேல்தான்
அறிவிப்பு என்றார்கள்.
நான் இவரை அடித்தது நள்ளிரவுக்குச் சற்று முன்.
இடையில் அந்தப் பத்து மணி நேரம்
மாயழகு யாருக்கும் எதிராக இல்லை.
அவனுக்கு அது தெரியாது.
களவு போன தண்ணீர் நெல்லாகிக் களத்தில் கிடக்க
அதற்குக் காவலாய்
சாக்கைப் போர்த்திப் படுத்திருந்திருப்பான்.

அடுத்த வாய்தாவில் சவரிமுத்து கூவினார்:
"ராஜ்யம் எதிர் மாயழகு!"
மூன்று தடவை கூப்பிட்டும் அவன் எழவில்லை.
"எங் கேசு ராசாவோடதுங்க" என்றான்.
"ராஜா போயாச்சு. இப்ப ஜனங்க எல்லாரும்தான்
உன்மேல வழக்குப் போட்டிருக்காங்க" என்றார் மாஜிஸ்திரேட்.
"எல்லாருமா?"
வக்கீலைப் பார்த்தான், வாசலில் வெற்றிலைக்காரியைப் பார்த்தான்,
பேனாவோடு இருந்த என்னைப் பார்த்தான்.
"நீங்களுமா?"

பதினைந்து ரூபாய் அபராதம்.
முடிச்சை அவிழ்த்து மேசையில் பரப்பினான்.
நான் தலைகளை எண்ணினேன்.
ஒன்று செல்லாக்காசு. திருப்பித் தந்தேன்.
வேட்டியில் துடைத்து வேறொன்று வைத்தான்.
அதிலும் அவர்தான்.