காயாத கொடி

கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்தபோது
அம்மா கொடுத்தனுப்பியது பதினோரு புடவை.
ஆடி பிறந்த பிறகுதான் தெரிந்தது,
இந்த ஊரில் புடவையை எண்ணக் கூடாது,
காய்ந்த புடவையை எண்ண வேண்டும்.
அந்தக் கணக்கில் எனக்கு ஒன்றரை.

இவருக்கோ தேயிலை ஃபேக்டரியில்
டிரையரைப் பார்த்துக்கொள்ளும் வேலை.
லாரி லாரியாக வரும் ஈர இலையை
மொறுமொறுவென்று உலர்த்தி
ஊர் ஊராக அனுப்புகிற மனுஷன்.
வீட்டுக்கு வந்தால்
கொடியில் கிடக்கும் பனியனை உதறி, முகர்ந்து,
"பாதி காய்ஞ்சிருச்சு" என்பார்.
எந்தப் பாதி என்று
இருபத்தெட்டு வருஷமாகக் கேட்கிறேன்.

நான் துணி போடாத இடமில்லை.
ஃபிரிட்ஜின் முதுகில் பாவாடை.
டி.வி. தலையில் சின்னவன் பவித்ரனின் ஜட்டி;
செய்தி வாசிக்கிற பெண்
அதற்குக் கீழே நின்றுதான்
தினமும் நமக்கு வணக்கம் சொன்னாள்.
ஒருநாள் பஸ் வந்துவிட்ட அவசரத்தில்
சாக்ஸைத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினேன்.
சாக்ஸ் நன்றாக வந்தது.
சுதாகரன் இன்றைக்கும்
தோசையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிய்க்கிறான்.

மேகலா பத்தாவது படிக்கும்போது விடாமல் மழை.
அவள் யூனிஃபார்மைச் சுருட்டி
இவர் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன்.
மேனேஜர் அந்தப் பக்கம் போனதும்
டிரையர் அடுப்போரம் பத்து நிமிஷம் பிடித்தாராம்.
அப்பளம் மாதிரி வந்தது.
மறுநாள் கணக்கு டீச்சர்
பாதிக் கணக்கில் சாக்பீஸை நிறுத்தி
"யாரு ஃபிளாஸ்க் கொண்டுவந்தது?" என்றார்.
நாற்பத்திரண்டு பையையும் கொட்டிப் பார்த்தார்கள்.
என் பெண் மூச்சு விடவில்லை,
விட்டால் இன்னும் மணக்குமே என்று.
மணியடிக்கும்வரை பொறுக்க முடியாமல்
டீச்சர் கேன்டீனுக்கு ஆளனுப்பினார்.
கணக்கில் எண்பத்தொன்று வாங்கினாள்.
அது டஸ்ட் டீயின் மார்க் என்று இவர் சொல்லிக்கொள்கிறார்.

இவருடைய நீலக் கட்டம் போட்ட லுங்கி கதை தனி.
விடியற்காலை மூடுபனியில்
காட்டுமாடு ஒன்று வேலியை உரசிப் போனது.
லுங்கி கொம்போடு போய்விட்டது.
அப்புறம் மூன்று நாள்
வழியில் பார்க்கிறவர்களெல்லாம்
நலம் விசாரிக்கிற குரலில் சொன்னார்கள்:
"அண்ணே, உங்க லுங்கி
நாலாம் நம்பர் காட்டுல மேஞ்சுக்கிட்டு நிக்குது."
"ராத்திரி சர்ச் பக்கம் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு."
இவர் குடையோடு தேடிக்கொண்டு போனார்.
மாடு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததாம்.
அதுக்கே நல்லா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்
என்று திரும்பி வந்துவிட்டார்.
என்னோடு ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத மனுஷன்.

இப்போது மேகலா திருநெல்வேலியில்.
போன் செய்தால் வெயிலைத்தான் திட்டுகிறாள்.
"கொடியில போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள காய்ஞ்சிடுதும்மா,
கவலைப்படக்கூட நேரமில்லை."
இங்கே கொடியில் நாலே துணி.
ஈரம் மட்டும் ஐந்து பேருக்கு உண்டானது
அப்படியே இருக்கிறது.

போன மாதம் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து
துணி காயவைக்கிற மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினார்கள்.
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தது.
அதைப் போட்டால் ஃபிரிட்ஜ் அணைகிறது,
பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவின் பல்பு மங்குகிறது,
அக்கா எட்டிப் பார்த்து
"துணியா?" என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் கேட்டான்,
"மிஷின் நல்லா வேலை செய்யுதாம்மா?"
"ரொம்ப நல்லா செய்யுதுடா" என்றேன்.
பொய்யில்லை.
உப்பையும் தீப்பெட்டியையும்
அதற்குள்தான் வைத்திருக்கிறேன்.
இந்த ஆடியில்
ஒரே உரசலில் பற்றிக்கொள்கிறது.