ஐந்து சதம்

மூஸ் ஜோவில், ஒக்ரோபர் சனிக்கிழமை ஒன்றில்,
வீட்டு வாசலில் மேசை போட்டுப் பழசு விற்ற மார்லீனுக்கு
"போர்வையோடு இதையும் சும்மா கொண்டுபோ" என்று
வாய்வரை வந்துவிட்டது.
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
கத்தியை இலவசமாகக் கொடுத்தால் சிநேகம் அறுந்துபோகுமாம்,
ஒரு செம்புச் சதமாவது கைமாற வேண்டுமாம்.
செம்புச் சதத்தை இந்த நாடு எப்போதோ நிறுத்திவிட்டது.
ஐந்து சதக் குற்றியொன்றைக் கொடுத்தேன்.
அவள் கத்தியை நீட்டினாள்.
நான் கை நீட்டவில்லை.
கையோடு கை கத்தி வாங்கினால் சண்டை வரும் என்பதை
எந்த ஆங்கிலத்தில் சொல்வது?
மேசையைக் காட்டினேன். வைத்தாள். எடுத்தேன்.
அன்றுதான் பார்த்துக்கொண்ட இரண்டு பேர்
இன்னும் தொடங்காத சிநேகத்துக்கு
இத்தனை காவல் போட்டோம்.

மாட்டெலும்புப் பிடி, தேன் நிறம்.
நகம் வைக்கப் பிறை போல் ஒரு கீறல்.
மூன்று அலகு.

ஓர் உறையில் இரண்டு கத்தி தங்காது என்பார்கள் எங்களில்.
இங்கே மூன்று தங்குகின்றன,
அதிலும் இரண்டு ஒரே வில்லில் சாய்ந்து.
ஒன்று எழும்பினாலும் மற்றது புரண்டு படுப்பதில்லை.
ஓர் அறை வீட்டில் நான், குகநேசன், அவர் தங்கை யசோ.
ஒருவர் இருமினால் மூவருக்கும் விடிந்துவிடும்.

கடையில் கொம்பனி தந்தது மஞ்சள் பிளாஸ்டிக்.
விரலை எடுத்ததும் தானாக உள்ளே போய்விடும்,
என்னை நம்பாத கத்தி.
பெட்டிகளுக்கு அது போதும்.
இது இடைவேளைக்கு.
நீள அலகு ஆப்பிளுக்கு.
மொட்டை மூக்கு அலகு
ரொவீனாவின் சட்டையில் தொங்கிய நூலுக்கு,
இருமல் மருந்தின் முத்திரைக்கு,
யசோவுக்கு வந்த குடிவரவுக் கடிதத்துக்கு.
அன்று மூவரும் மூச்சுவிடவில்லை.
கடித உறை மட்டும் நேர்கோட்டில் திறந்தது.

மூன்றாவது எதற்கென்று தெரியாமல்
ஒரு மாதம் அதால் பாணுக்கு வெண்ணெய் பூசினேன்.
இறைச்சிப் பகுதி டுவெய்ன் கண்டுவிட்டான்,
சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது அவனுக்கு.
காளைக்கன்றுக்கு நலமடிக்கிற அலகாம்.
பாணைப் பார்த்தேன். அலகைப் பார்த்தேன்.
பசித்தது, தின்றேன்.

தோடம்பழச் சாறு பட்டுப் பட்டு
நீள அலகு நீலம் பாரித்துவிட்டது,
நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி.
குகநேசன் கறள் என்றார். தேய்த்துத் தரவா என்றார்.
தொடாதீர்கள் என்றேன்.
கைப்பையில் கத்தியோடு திரிகிறாள் உன் அண்ணி என்று
யசோவிடம் முறைப்பாடு.
கைப்பையில் இல்லை, கோட்டின் வலது பையில்,
திறப்புக் கோர்வைக்குப் பக்கத்தில்.
மைனஸ் முப்பதில் பேருந்துக்கு நிற்கும்போது
கையுறைக்குள்ளால் அதன் பாரத்தைத் தொட்டுப் பார்ப்பேன்.
வெளியே எடுக்க மாட்டேன்.
தரிப்பிடத்தில் என் நிறத்தில் ஒருத்தி கத்தியை விரித்தால்
ஆப்பிளுக்கென்று யார் நம்புவார்?
வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முதல்,
ஒருமுறை திறப்பேன்.
பாதி வழியில் நின்று யோசிக்கும்,
பிறகு டக்.
மூடும்போது இன்னுமொரு டக்.
நாள் முழுக்க நான் சொல்லாமல் விட்ட மறுமொழிகள்
அந்த இரண்டு சத்தத்தில் முடிந்துவிடும்.

போன வியாழன், அரிசி மூட்டையின் தையலைப் பிரிக்க
குகநேசன் கை நீட்டினார்.
யோசனையில் கையிலேயே கொடுத்துவிட்டேன்.
அன்றிரவு சண்டை.
ஹீட்டர் பில், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய காசு,
யசோ எப்போது தனி வீடு பார்ப்பாள்.
அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
கேட்காதது போல் நின்றாள்.
கத்திக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.
இருந்தாலும்.

காலையில் அவர் வேலைக்குப் போயிருந்தார்.
மேசையில் மூடிவைத்த கத்தி,
பக்கத்தில் ஓர் ஐந்து சதக் குற்றி.
தட்டில் இரண்டு துண்டு பாண்,
ஓரம்வரை ஒரே சீராக வெண்ணெய் பூசி.
கத்தியைத் திறந்து பார்த்தேன்.
மூன்றாவது அலகின் நகக்கீறலில்
துடைக்க மறந்த மஞ்சள்.

அது எதற்கான அலகென்று
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.