இடதுகால் லேஸ்

வலதுகாலில் கறுப்பு லேஸ். இடதுகாலில் பழுப்பு.
ஜவுளிக்கடை வாசலில் சல்யூட் அடிக்கையில்
முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.
"என்னவே, ஜோடி கிடைக்கலையா?"
"இன்னைக்கு ஒருநாள் மட்டும், ஐயா."

மற்ற நாளெல்லாம் அது
கேஸ் புத்தகத்தையும் கேன்டீன் கார்டையும்
சேர்த்துக் கட்டிக்கொண்டு பீரோவில் கிடக்கும்.
அமலோற்பவம் எதுவும் கேட்கமாட்டாள்.
மே ஒன்பதில் மட்டும்
அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவைப்பாள்.

திகம் சிங்கின் பூட்ஸிலிருந்து உருவியது.
ஹெலிகாப்டரில் ஏற்றுமுன்
அரை நிமிஷம் கொடுத்தார்கள்.
பனியில், கையுறையைக் கழற்றாமல்
முடிச்சுப் போடச் சொல்லித்தந்தவன் அவன்.
பதிலுக்கு என்னிடம் படித்தது ஒரே வார்த்தை.
ஒயர்லெஸ்ஸில் மேஜரிடமே அதைச் சொல்லி
வாங்கிக்கட்டிக்கொண்டான்:
என்னவே!

மதியச் சாப்பாட்டு நேரம்
வண்ணாரப்பேட்டையிலிருந்து பாலம்வரை நடை.
தார் இளகுகிற வெயிலை
ஒருதடவை காட்டுகிறேன் என்று
அவனிடம் சொல்லியிருந்தேன்,
நம்பவில்லை.

நடுப்பாலத்தில் அறுந்தது.
பதினேழு வருஷம். நூல்தானே.
கைப்பிடிச் சுவரோரம் குத்தவைத்து
வேர்த்த விரலால் அவன் முடிச்சைப் போட்டேன்.
வந்தது.
முடிச்சு தின்றது போக
மிச்ச நீளம் மேலே எட்டவில்லை.
ஷூவில் ஒரு கண் மட்டும்
திறந்தே கிடக்கிறது.

சென்ட்ரி டியூட்டியா, என்னவே,
என்றேன் சத்தமாகவே.
பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

டிபனைத் திறக்காமலே திரும்பினேன்.
ஒன்றரைக்கு நான் வாசலில் நிற்கவேண்டும்.