பதினொரு மரங்கள், நாற்பத்து மூன்று தண்டுகள்

மிஷன் வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்,
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
பிரெஞ்சைத் தமிழாக்கி முத்திரை குத்துகிறேன்.
பெரும்பாலும் பிறப்பு, இறப்பு,
இடையில் ஒரு கல்யாணம்.
மரங்கள் வந்தது இதுதான் முதல்முறை.

கொண்டுவந்தவர் அமலதாசு.
மின்துறையில் மீட்டர் குறித்து ஓய்வு பெற்றவர்.
அண்ணன் தெசிரே, நியோன் என்ற ஊரில்,
கல்லறைத் திருநாள் வாரத்தில் போய்விட்டார்.
கடிதம் மாசியில்தான் வந்து சேர்ந்தது.
வாரிசுக்குப் பதினொரு ஒலிவியே.

அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.
ஒலிவ மரம் என்றால்
வேதாகமத்துப் புறா வந்து உட்காரும்.
ஆலிவ் என்றால் பீட்சா.
முல்லா வீதி அத்தர்க்கடை பாய்க்கு அது சைத்தூன்,
முழங்கால் வலிக்கு.
"எதையாவது போடுங்க மேடம்,
எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்."

உள்ளே ஒரு மடக்குத்தாள்.
சின்ன ஊர். ஆற்றின் மேல் ஒற்றை வளைவில் கல்பாலம்,
அறுநூறு வருஷமாக ஒரே தாவில் நிற்கிறது.
"ஆரியபாளையம் பாலத்தை
இவங்ககிட்ட குடுத்திருக்கலாம்" என்றார்.

இரவில் மலையிடுக்கிலிருந்து ஒரு குளிர்காற்று இறங்குமாம்.
பெயர் போந்தியாஸ்.
நான் வாய்விட்டுப் படிக்க, அவர் நிமிர்ந்தார்:
"பாண்டியா?"
இல்லை. காற்று.
முன்னொரு காலத்தில்
அந்தப் பள்ளத்தாக்கில் இலைகூட அசையாதாம்.
ஒரு மேற்றிராணியார் கடற்கரைக்குப் போய்
தன் கையுறைக்குள் கொஞ்சம் கடற்காற்றைப் பிடித்து,
வாயைக் கட்டி, தூக்கிவந்து
பாறையில் எறிந்தாராம்.
அன்றிலிருந்து வீசுகிறது.
கதைக்குக் காசு கேட்கவில்லை நான்.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் உறைபனி
அந்தப் பக்கத்து மரங்களைக் கொன்று போட்டது.
அடியோடு அறுத்தார்கள்.
வேர் சாகவில்லை.
கட்டையைச் சுற்றித் துளிர்த்ததில்
நாலு நாலாக விட்டுவைத்தார்கள்.

அதே வருஷம் மே மாதம், டில்லியில்,
நம்மூரைக் கைமாற்றும் தாளில் கையெழுத்தானது.
அறுபத்திரண்டில் ஆறு மாதத் தவணை,
எந்த நாடு என்று சொல்ல.
தெசிரேவுக்கு இருபது. சொன்னார்.
அப்பா சொல்லவில்லை;
அமலதாசுக்குப் பத்து, அவரை யாரும் கேட்கவில்லை.
"ஒரே பாய் மேடம்.
அவன் ஒரு தேசம், நான் ஒரு தேசம்.
ராத்திரி போர்வைக்குத்தான் சண்டை."
பிறகு பட்டாளம். பிறகு கப்பல்.
பிறகு வருஷத்துக்கொரு கிறிஸ்துமஸ் அட்டை.

புகைப்படங்களை மேசையில் பரப்பினார்.
கண்ணாடியைத் துடைத்தார்.
பென்சிலால் தண்டுக்கு ஒரு புள்ளி,
ரீடிங் எடுப்பதுபோல.
இரண்டாம் முறை எண்ணினார்.
"நாப்பத்து மூணு. நாப்பத்து நாலு வரணும்."

சட்டத்துக்குப் பதினொன்றுதான்.
தண்டுகளை அது எண்ணுவதில்லை.
கடிதத்தின் பின்புறத்தையும் பார்த்தேன்,
எனக்கே ஏனென்று தெரியாமல்.

மறுநாள் காலையே வந்தார்.
நேரு வீதிக் கடையில் நூறு கிராம் வாங்கினாராம்.
"கறுப்பா இருக்கவும் நாவப்பழம்னு கடிச்சுட்டேன்.
உப்பு. அப்புறம் கசப்பு.
அப்புறம் என்னமோ ஒண்ணு."
சட்டைப்பையிலிருந்து
கரண்ட் பில்லில் மடித்த ஒரு கொட்டை.
காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

விற்கச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.
வீட்டுக்கடன் இருக்கிறது, பேச்சை நீட்டவில்லை.
குறிப்பு என்ற இடத்தில் மட்டும்
ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன்:
ஒன்பதாவது மரத்தின் நாலாவது தண்டு
என்ன ஆயிற்று?

முத்திரை குத்தி, உறையிலிட்டு,
பசையை எடுத்தேன்.
கையைத் தடுத்தார்.
"ஒட்டாதீங்க.
பீச் பக்கம் ஒரு நடை போய்ட்டு
அங்கேயே ஒட்டிக்கிறேன்."