திரும்பிய நேரம்

பாதை மூடியிருந்தது.
பலகையில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி,
கீழே நான்கு மொழிகளில் மூடுபனி.
மூன்று மணிநேரம் வேனில் குலுங்கி வந்த உடம்பு
அந்த ஒற்றைக் குறியைப் படிக்க மறுத்து
நின்றுகொண்டிருந்தது.

"உள்ளே வாங்க, மலை உள்ளேயும் இருக்கு"
என்றாள் லம்ஸீரா.
தேசியப் பூங்காவின் பச்சைச் சட்டை,
அதன்மேல் வீட்டில் பின்னிய கம்பளி.

இருந்தது.
மேசை நீளத்துக்குச் சுண்ணாம்பு மலை.
காகசஸ் மொத்தமும் என் இடுப்புயரம்.
பொத்தானை அழுத்தினால் பல்பு எரியும்.
சிவப்புக்குச் சிகரம். மஞ்சளுக்கு மேய்ப்பர் குடிசை.
நீலத்தை அழுத்தினேன்,
பனியாறு முடியும் இடத்தில் எரிந்தது.

"அங்கே இப்போ கல்லுதான்.
பனி நகர்ந்துபோகும்னு தெரிஞ்சிருந்தா
பல்புக்குச் சக்கரம் வச்சிருப்பாங்க."

மூலையில் பஞ்சடைத்த மலையாடு.
ஒரு கொம்பு மட்டும் பளபளத்தது.
நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்:
கோச்சாவின் கல்யாணத்தன்று
மது ஊற்றிக் குடிக்கக் கொம்பு போதவில்லை.
இரவில் கழற்றிப் போனார்கள்,
விடியுமுன் மாட்டிவிட்டார்கள்.
ஒரு மாதம் அறையெல்லாம் திராட்சை வாசம்.
தலைநகரிலிருந்து வந்த அதிகாரி
ஆட்டை முகர்ந்து பார்த்துவிட்டு
எதையோ எழுதிக்கொண்டு போனாராம்.

அடுப்பருகே போலந்துக்காரர்கள் இருவர்
காலுறை காயவைத்தார்கள்.
மூன்று காலுறைதான் கொடியில்.
நான்காவதன்மேல் நாய் தூங்கியது.
யாரும் அதை எழுப்பவில்லை.

பதிவேட்டைப் புரட்டினேன்.
பெயர், நாடு, போன நேரம், திரும்பிய நேரம்.
தாள் ஒட்டி ஒட்டி
தலையணை போல் உப்பியிருந்தது.
போகும்போது எல்லோருக்கும் நல்ல கையெழுத்து.
திரும்பும்போது கோழி கிளறியது போல
ஒரு கிறுக்கல், ஒரு சேற்று விரல்.

போன வருஷம், ஆகஸ்ட்,
கடைசிக் கட்டம் ஒன்று காலி.

விரலை எடுத்துவிட்டேன்,
சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல்.

"அவனா?"
ரொட்டியை மென்றுகொண்டே எட்டிப் பார்த்தாள்.
"செத்திருந்தா நானே எழுதியிருப்பேன்."

மூன்று நாள். பதினோரு ஆள், இரண்டு குதிரை.
தம்பி பெக்கானுக்கு முழங்கால் போனது.
நான்காம் நாள் காலையில் தொலைபேசி:
கணவாய் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டானாம்,
அங்கே சாப்பாடு நன்றாயிருக்கிறதாம்,
தன் குடை இங்கே கிடக்கிறதா என்று கேட்டானாம்.

"கிடக்குன்னேன். வந்து எடுத்துக்கோ,
அப்படியே கையெழுத்தும் போடுன்னேன்.
ரெண்டு புதுப் பதிவேடு அனுப்பிட்டாங்க.
நான் பிரிக்கலை.
இது முடியாம அதைத் தொடமாட்டேன்."

பிறகு பேனாவை என் பக்கம் உருட்டினாள்.
நான் எங்கும் போகவில்லையே என்றேன்.
வந்தீங்கல்ல, என்றாள்.

பெயர் எழுதினேன். நாடு எழுதினேன்.
போன நேரம்: ஒரு கோடு.
திரும்பிய நேரம்: நான்கு பத்து.
அவள் வாசித்தாள், பிடிக்கவில்லை.
கோட்டின்மேல் அழுத்தி எழுதினாள்
இரண்டு நாற்பது என்று,
நான் இந்தக் கதவைத் தள்ளிய நேரம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
ஆட்டின் பின்னாலிருந்து குடையை எடுத்தாள்.
கறுப்பு. ஒரு கம்பி வளைந்தது.
"வேன் நிக்கிற இடத்துல ரொட்டிக்கடை.
அங்கே குடுத்துடுங்க."

அவன் வந்து கேட்டால்?

"நனையட்டும்."

சரிவில் இறங்கினேன்,
திரும்பாதவன் குடையின் கீழே.
வலப்பக்கமா இடப்பக்கமா
மலை எங்கே நின்றதென்று
கடைசிவரை தெரியவில்லை.

ரொட்டிக்கடைக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை.
குடையைப் பார்த்தாள், கையை நீட்டினாள்.
சுவரில் அதற்கென்று ஓர் ஆணி இருந்தது,
அதன் கீழே தரையில்
சொட்டிச் சொட்டித் தேய்ந்த வட்டம்.